கல்யாணப் பெண்ணே, அவசரப்படாதே!

முகத்தில் பூசும் பொருளுக்கும் தகுதி பார்க்க வேண்டும்

நாள் குறித்தாயிற்று. பத்திரிகை அடித்தாயிற்று. மண்டபமும் பேசியாயிற்று.

இனிக் கல்யாணப் பெண்ணைத் தயார் செய்ய வேண்டும்!

இங்கேதான் அவசரம் தொடங்குகிறது.

"முகம் கொஞ்சம் சிவக்க வேண்டாமா?" என்கிறார் அத்தை. "பதினைந்தே நாளில் பளபளப்பு!" என்று ஒரு டப்பாவைக் காட்டுகிறாள் தோழி. "இந்தக் கோன் வைத்தால் பத்தே நிமிடத்தில் கை கறுத்துவிடும்" என்கிறார் கடைக்காரர்.

ஆளுக்கு ஒரு யோசனை. எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நல்ல எண்ணம் மட்டும் போதுமா?

மணப்பெண்ணின் அழகுக்குப் பணத்தைவிட முக்கியமாக ஒன்று வேண்டும். அதுதான் அவகாசம். ஆறு மாதத்தில் சுலபமாக முடியும் காரியத்தை ஆறு நாளில் முடிக்கப் பார்த்தால், அழகு வராது, ஆபத்துதான் வரும்.

குடவோலை ஊர்

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது உத்திரமேரூர். சுற்றிலும் நெல் வயல்கள், ஏரிகள்.

பள்ளிக்கூடப் புத்தகம் படித்தவர்களுக்கு இந்த ஊர் மறக்காது. குடவோலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த ஊர் இது. வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் அந்த விதிகளை இன்றும் கல்வெட்டாகப் பார்க்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ம் ஆண்டிலும் 921-ம் ஆண்டிலும் ஏற்பட்ட விதிகள் அவை.

விதிகள் என்ன சொல்கின்றன?

யாரை வேண்டுமானாலும் சபையில் உட்கார வைத்துவிட முடியாது. வயது 35-க்கு மேல் இருக்க வேண்டும். 70-ஐத் தாண்டக் கூடாது. வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமே இல்லை!

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படித் தகுதி பார்த்த ஊர். அந்த ஊர்ப் பெண், தன் முகத்தில் பூசும் பொருளுக்குத் தகுதி பார்க்க வேண்டாமா?

இரண்டு வேளைக் கல்யாணம்

இந்தப் பக்கத்துக் கல்யாணம் பெரும்பாலும் இரண்டு வேளைக் கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பு. மறுநாள் விடியலில் முகூர்த்தம்.

மணப்பெண்ணுக்கு இரண்டு அலங்காரம். இடையில் தூக்கம் மட்டும் கிடையாது! இரவு பத்து மணி வரை மேடையில் நிற்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள். வீடியோ விளக்கு ஒரு பக்கம். ஓமப் புகை ஒரு பக்கம். வைகாசிக் கல்யாணமாக இருந்தால் வெயிலும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனையையும் தாங்க வேண்டியது மேலே பூசும் பூச்சு மட்டுமல்ல. உள்ளே இருக்கும் உடம்புதான் முதலில் தாங்க வேண்டும்.

பாட்டி காலத்து ரகசியம்

பாட்டி காலத்தில் அழகு நிலையம் இல்லை. நலங்கு இருந்தது. கல்யாணத்துக்குச் சில நாள் முன்னதாகவே உறவுப் பெண்கள் கூடுவார்கள். பெண்ணுக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, நலங்கு மாவு தேய்த்து நீராட்டுவார்கள்.

நலங்கு மாவில் என்ன இருக்கும்? பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், உலர்ந்த ரோஜா இதழ். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும்.

இந்த மாவு கறுப்பைச் சிவப்பாக்காது. அழுக்கையும் அதிகமான எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும். நல்ல வாசனை தரும். அவ்வளவுதான். ஆனால் அதோடு வேறொன்றும் நடந்தது. கல்யாணப் பெண்ணைச் சில நாள் வெயிலில் அனுப்பாமல், வேலை வாங்காமல், வேளைக்குச் சாப்பாடு போட்டு உட்கார வைத்தார்கள். முகத்துக்குப் பொலிவு தந்ததில் பாதிப் பங்கு அந்த ஓய்வுக்கு உண்டு!

தோலின் மேல் அடுக்கு ஏறக்குறைய 28 நாட்களுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்கிறது. பழையது உதிர்ந்து புதியது மேலே வருகிறது. ஆகவே எந்தப் பராமரிப்புக்கும் ஒரு மாதமாவது வேண்டும். மூன்று நாளில் பலன் காட்டும் பொருள் என்றால், அதைச் சந்தேகப்பட வேண்டும்.

மஞ்சள் வாங்கும்போதும் கவனம் தேவை. நிறம் தூக்குவதற்காகத் தூளில் ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பது உண்டு. கிழங்காக வாங்கி வீட்டில் அரைப்பது நல்லது.

பாட்டி வைத்தியம் என்றால் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். பிறகு கறுந்திட்டு விழும். அது மறையப் பல மாதம் ஆகும்!

கோட்டக்கல்லில் நடந்தது என்ன?

இப்போது அந்த 'பளபளப்பு' டப்பாவுக்கு வருவோம். அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்ததைக் கேட்டால் அதன் ஆபத்து புரியும்.

மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊர். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்குச் சிறுநீரக நோயுடன் சிலர் வந்தார்கள். இந்த நோயில் கால் வீங்கும். சிறுநீர் நுரைத்துப் போகும். உடம்பில் இருக்க வேண்டிய புரதச் சத்து சிறுநீரில் கசிந்து வெளியேறும்.

2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த நோயுள்ள 22 பேரை டாக்டர்கள் கவனித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வந்தது அபூர்வமான ஒரு ரகம்.

டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள். அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருவதற்கு முன்பு முகத்துக்கு வெளுப்புக் கிரீம் பூசி வந்தவர்கள்!

கிரீமில் கலந்த பாதரசத்தைத்தான் டாக்டர்கள் சுட்டிக்காட்டினார்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. இந்த விவரங்கள் 2024-ல் மருத்துவ ஏடு ஒன்றில் வெளியாயின.

முகத்தில் பூசியது சிறுநீரகத்துக்கு எப்படிப் போயிற்று?

தோல் ஒரு சுவர் அல்ல; அதில் வாசல்கள் உண்டு. பாதரசம் தோல் வழியாக உள்ளே இறங்கும். ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்கும். தோலுக்கு நிறம் தரும் பொருளுக்கு மெலனின் என்று பெயர். பாதரசம் அதன் உற்பத்தியைத் தடுப்பதால் முகம் வெளுக்கிறது. வெளுப்பதைக் கண்டு பெண் மகிழ்கிறாள். உள்ளே நடப்பது அவளுக்குத் தெரிவதில்லை.

தங்கம் காட்டிக்கொடுக்கும்!

பாதரசத்தின் கொடுமையை உலகம் முன்பே கண்டிருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் கடலில் கலந்தது. மீன் வழியாக மனிதர் உடம்பில் ஏறியது. நரம்பு கெட்டு மக்கள் துடித்தார்கள். அந்த நோய் 1956-ல் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த ஊரின் பெயரிலேயே பின்னாளில் ஓர் உலக ஒப்பந்தம் உருவானது. 2017-ல் அது நடைமுறைக்கு வந்தது. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது.

நம் நாட்டில் 2020-ம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் என்ன சொல்கின்றன? முகக் கிரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தவறித் தங்கிவிட்டாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதாவது ஒரு கிலோ கிரீமில் ஒரு மில்லிகிராம்!

அப்படியானால் கெட்ட டப்பாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

தயாரித்தவர் பெயர், முழு முகவரி, உரிம எண், தொகுதி எண், எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்ற விவரம் - இவை எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பா, கணக்குக் காட்டாத ஆள் மாதிரி. அதற்கு வீட்டில் இடம் கொடுக்கக் கூடாது.

பொருள் பட்டியலில் மெர்குரி, கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் தொடவே வேண்டாம். இரண்டும் பாதரசம்தான்.

இன்னும் ஓர் அடையாளம் உண்டு. 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று சில டப்பாக்களில் அச்சிட்டிருப்பார்கள். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்தால் தங்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் அந்த எச்சரிக்கை. இதை உலக சுகாதார நிறுவனமே எடுத்துச் சொல்லியிருக்கிறது.

தங்கத்துக்கு ஆகாத பொருள், தங்கமான பெண்ணின் முகத்துக்கு ஆகுமா?

மருந்துக் கடைக் கிரீம்

"அந்த டப்பா வேண்டாம். மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கிக்கொள்கிறேன்" என்பார்கள் சிலர். இதுவும் ஆபத்துதான்.

அந்த டியூபில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபிட்டாசால், மொமெட்டசோன் என்று பெயர் போட்டிருக்கும். சில தோல் நோய்களுக்கு இவை நல்ல மருந்து. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசலாம். அழகுக்காகப் பூசக் கூடாது.

முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். 'ஆகா!' என்று தோன்றும். பிறகு தோல் மெலியும். பரு கிளம்பும். முகத்தில் ரோமம் வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் பூசத் தோன்றும். குடிகாரனை மது பிடிப்பது போல முகத்தைக் கிரீம் பிடித்துக்கொள்ளும்!

2018-ல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆகவே டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

ஏற்கனவே பூசி வருகிறவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். டியூபை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போக வேண்டும். படிப்படியாக நிறுத்தும் வழியை அவர் சொல்வார்.

கறுப்பு ஒரு குறையா?

இத்தனை தொல்லைக்கும் காரணம் ஒரே ஓர் எண்ணம். 'பெண் சிவப்பாக இருக்க வேண்டும்' என்ற எண்ணம்!

மெலனின் என்பது உடம்பே விரிக்கும் குடை. சூரியனின் சுடும் கதிரை அது தடுக்கிறது. வெயில் மிகுந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு அது. வயலில் நாற்று நட்ட பரம்பரைக்குக் கறுப்பு நிறம் குறை அல்ல, காப்பு.

இந்த எண்ணத்தை எதிர்த்து 2009-ல் சென்னையிலிருந்து 'கறுப்பே அழகு' என்ற கருத்தில் ஓர் இயக்கம் கிளம்பியது. நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்து குரல் கொடுத்தார். 1975 முதல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரில் விற்ற கிரீம், 2020-ல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. டப்பாவின் பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் மனமும் மாற வேண்டும்!

அலங்காரம் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். மாநிறப் பெண்ணுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் என்ன ஆகும்? முகம் சாம்பல் பூத்தது போல இருக்கும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்! புகைப்படத்தில் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

பூச்சின் நிறத்தைக் கையில் தடவிப் பார்க்கக் கூடாது. தாடை ஓரத்தில் தடவி, வெளியே பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோலோடு தோலாக மறைந்துவிட்டால் அதுவே சரியான நிறம்.

மருதாணி சிவக்கும்; கறுக்காது

கொல்லையில் பறித்த மருதாணி இலை. கூடக் கொஞ்சம் கொட்டைப்பாக்கு. அம்மியில் வைத்து மையாக அரைத்து, உள்ளங்கையில் ஒரு வட்டம், விரல் நுனிக்கெல்லாம் தொப்பி - இதுதான் நம் ஊர் வழக்கம். இன்று கோனில் அடைத்துக் கொடி, மயில் என்று வரைகிறார்கள். அதுவும் அழகுதான்.

ஆனால் ஒன்று. இயற்கை மருதாணி ஒரு நாளும் கரியாகக் கறுக்காது. முதலில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் போனபின்தான் நன்றாகச் சிவக்கும். ஆகவே கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

'பத்தே நிமிடத்தில் கறுக்கும்' கோனில் ரசாயனம் கலந்திருக்கும். தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற பொருளைச் சிலர் கலக்கிறார்கள். அது பட்டுக் கை கொப்புளித்தவர்கள் உண்டு. ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிற்காலத்தில் தலைச்சாயம் தொட்டாலே தொல்லை தரும்.

நெற்றிப் பொட்டிலும் கவனம் வேண்டும். ஒட்டும் பொட்டின் பசை சிலருக்கு ஆகாது. பொட்டு வைத்த இடத்தில் அரிக்கும். நாளடைவில் வெள்ளைத் தழும்பு விழும். மஞ்சளில் செய்த நல்ல குங்குமம் இருக்கும்போது கவலை ஏன்?

பட்டு, ரவிக்கை, நகை

உத்திரமேரூர்ப் பெண்ணுக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே காஞ்சீபுரம்! 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற பட்டு அது.

உடலுக்கு ஒரு நிறம். கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே இணைத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் ஆகாது, துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ஒரு புடவைக்கு வாரக்கணக்கில் ஆகும். நல்ல அழகு அவசரத்தில் பிறப்பதில்லை என்பதற்குக் காஞ்சீபுரம் தறியே சாட்சி!

வாங்கும்போது பட்டு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனமான பட்டைக் கட்டி நடக்கவும் உட்காரவும் வீட்டில் ஒரு முறை பழகிக்கொள்ள வேண்டும். மணமேடையில் முதல் முறையாகக் கட்டினால் கொசுவம் தட்டும். வாசனைத் திரவியத்தைப் புடவையின் மேல் அடித்தால் ஜரிகை கறுக்கும்.

இப்போது ரவிக்கையில் ஆரி வேலை செய்வது வழக்கமாகிவிட்டது. கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துச் செய்யும் வேலை. இதற்கு நாள் பிடிக்கும். மூன்று மாதம் முன்பே துணி கொடுக்க வேண்டும். அதன் பிறகு உடம்பை இளைக்கிறேன் என்று பட்டினி கிடக்கக் கூடாது. ரவிக்கையும் தொளதொளக்கும், முகமும் வாடும்!

நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம் - எல்லாவற்றையும் தங்கத்தில் வாங்க எல்லோராலும் முடியாது. வாங்கவும் வேண்டாம். கவரிங் நகைகள் வாடகைக்கே கிடைக்கின்றன. கடன் வாங்கி நகை போடுவதைவிட வாடகை நகை மேல். ஆனால் சில நகைகளில் நிக்கல் கலந்திருக்கும். சிலருக்கு அது அரிக்கும். முன்கூட்டியே ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பூ வாங்குவதற்கும் கணக்கு உண்டு. வெயில் காலத்தில் மல்லிகை மலிவு. பனிக்காலத்தில் நெருப்பு விலை. தைக் கல்யாணத்துக்குப் பூ ஜடை வேண்டுமானால், மல்லிகையோடு வேறு பூவும் கலந்து கட்டச் சொல்லலாம்.

அலங்காரம் செய்யும் கை

அலங்காரத்துக்கு ஆள் பேசும்போது மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, கூலி. வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் சேர்த்தா, தனித்தனியா? புடவை கட்டுவதும் பூ ஜடையும் அதில் அடங்குமா? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சுத்தம். தூரிகைகளைக் கழுவி வைத்திருக்கிறாரா? ஒருவர் கண்ணில் வைத்த மைக்குச்சியை இன்னொருவர் கண்ணில் வைத்தால் மெட்ராஸ் ஐ தொற்றிக்கொள்ளும். மேடையில் மணப்பெண் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டா நிற்பது? கண் மை மட்டுமாவது பெண்ணின் சொந்த மையாக இருக்கட்டும்.

மூன்றாவது, ஒத்திகை. ஒரு மாதம் முன்பு ஒரு தடவை அலங்காரம் செய்து பார்க்க வேண்டும். எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும்.

இந்தக் கலை கிராமத்துப் பெண்களுக்கு ஒரு நல்ல பிழைப்பும்கூட. வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அழகுக் கலை கற்றுத் தருகிறார்கள். பயிற்சி இலவசம். சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. உள்ளூர்ப் பெண்ணிடம் வேலை கொடுத்தால் காசும் ஊரிலேயே நிற்கும்.

உள்ளே இருக்கும் அழகு

கடைசியாக ஒன்று. ஆனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்!

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு செய்தி சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை!

முகம் வெளிறுவதும், கண்ணுக்குக் கீழே சோர்வு தெரிவதும், நடந்தால் மூச்சு வாங்குவதும் ரத்தசோகையால் இருக்கலாம். அதற்கு மேலே கிரீம் பூசி என்ன பயன்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை தருவார். முருங்கைக் கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, பேரீச்சம்பழம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு நெல்லிக்காய் கடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது.

ரத்தம் ஊறச் சில மாதம் பிடிக்கும். அதனால்தான் ஆறு மாத அவகாசம் வேண்டும் என்பது. கல்யாணத்துக்குப் பிறகு தாயாகப் போகிறவளுக்கு இந்தச் செலவில்லாத சிகிச்சை இரட்டை லாபம்!

எப்போது என்ன செய்வது?

ஆறு மாதம் முன்பு: ரத்தப் பரிசோதனை. பரு, கறுந்திட்டு இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுதல். வெயிலில் போனால் குடை.

மூன்று மாதம் முன்பு: பட்டு எடுத்தல். ரவிக்கைக்குத் துணி கொடுத்தல். அலங்காரத்துக்கு ஆள் பேசுதல்.

ஒரு மாதம் முன்பு: அலங்கார ஒத்திகை. ரவிக்கை போட்டுப் பார்த்தல். முதல் முறையாக முகத்துக்கு ஃபேஷியல் செய்வதென்றால் இப்போதே செய்துகொள்ள வேண்டும்.

பத்து நாள் முன்பு முதல்: புதுக் கிரீம், புது சோப்பு, புது எண்ணெய் எதுவும் கூடாது. யார் சொன்னாலும் கூடாது!

இரண்டு நாள் முன்பு: மருதாணி.

வரவேற்பு இரவு: எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பூச்சைக் கலைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு போதும். படம் எடுக்கிறவர்களை நேரத்தோடு அனுப்பிவிட்டு, பெண்ணை நான்கு மணி நேரமாவது தூங்க விட வேண்டும். இது அம்மாவின் பொறுப்பு.

முகூர்த்த நாள்: வெறும் வயிற்றில் மேடை ஏறக் கூடாது. வழக்கம் இடம் கொடுத்தால் இரண்டு இட்லி. இல்லாவிட்டால் ஒரு டம்ளர் பால். தண்ணீர் அவ்வப்போது.

இதையும் மீறி, வாங்கிய பொருளில் சந்தேகம் வந்தால்? பூசுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். டப்பாவையும் ரசீதையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் சொல்லலாம்.

மாலை வாடிவிடும். பந்தலைப் பிரித்துவிடுவார்கள். வாடகை நகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு முகம் வாங்க முடியாது.

கல்யாணம் ஒரு நாள். முகம் ஆயுளுக்கும்!